எதிரில் இருப்பவர் பாட்டு

“இன்னாத்துக்கும்மா பக்கம் பக்கமா எழுதிக்கினு இருக்கற? ஒரு பாட்ட ரெண்டு தடவ ஒரே மாதிரி அந்தாளு பாடிட்டாருன்னா, நான் ஆர்கெஸ்ட்ராவ இழுத்து மூடிட்டு ஆடு மேய்க்கப் போறேன்.”

கள்ளக்குறிச்சி ஆர்கெஸ்ட்ரா முதலாளி என்னைப் பார்த்து இப்படிச் சொன்னபோது எனக்குப் பதினெட்டு வயது. அவருடைய குழுவை விட்டு விலகிவிட்ட கிட்டார்காரர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கட்டும் பாட்டுகளை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி, தன்னுடைய ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எழுத்தின் மேல் எனக்கு ஒரு கர்வம். எழுதிவிட்ட வரியை அப்புறம் யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “நீங்க எழுதிக் குடுத்திருக்க மாட்டீங்க சார். அதான் அவரு மாத்தி மாத்திப் பாடியிருக்காரு” என்று முதலாளிக்குப் பதில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

கிட்டார்காரரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சங்கராபுரத்தில் ஒருவர், தியாகதுருகத்தில் ஒருவர், “அட, அது நம்ம ஆளாச்சே” என்று கிளம்பிவிடுவார்கள். எல்லாருக்கும் அவர் நம்ம ஆள்தான். அவரிடம் இருந்த சிக்கலே அதுதான்.

ஒல்லியான உடம்பு. முழங்கை வரை மடித்த சட்டை. கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டு, சைக்கிள் டியூப் ரப்பரால் சுற்றிக் கட்டிய கிட்டார். எந்த ஊருக்குப் போனாலும் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்பார். “இது எந்த ஊருங்க? இங்க இன்னா சாமிங்க? ஊர்ல முக்கியமான ஆளு யாருங்க?” இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் போதும். ஏற்கெனவே கட்டி வைத்த பாட்டுக்குள் அந்த ஊரும் சாமியும் ஆளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எதுகையும் மோனையும் தவறாது. கேட்பவர்களுக்குத் தங்களுக்காகவே கட்டிய பாட்டு என்று தோன்றும். முன்வரிசையில் இருக்கும் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த முகம் மலரும்வரை விடாமல் பாடுவார்.

கோயில் திருவிழாவில் இது நன்றாகத்தான் இருக்கும். ஒரு கல்யாணத்தில், முன்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்த ஒரு மனிதரை மாப்பிள்ளை என்று நினைத்து, அவர் மூக்கு, மீசை, தோள் என்று பத்து நிமிஷம் பாடினார். அவர் சமையல் மாஸ்டர். பெண் வீட்டாருக்கு முகம் சுண்டிப்போனது. மாஸ்டர் மட்டும் இரண்டு வடை கூடுதலாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஆர்கெஸ்ட்ராவிலிருந்து விலகியதும் இதனால்தான். சினிமாப் பாட்டு நடுவில் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டையும் அங்கே இருந்த வளையல் கடையையும் நுழைத்துவிட்டார். “கேசட்டுல இருக்கற மாதிரி பாடுய்யா” என்றார் முதலாளி. “கேசட்டு மாதிரிதான் வேணும்னா கேசட்டையே போட்டுக்கலாமே, நான் எதுக்கு?” என்று சொல்லிவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகுதான் சொந்தமாக ஒரு கேசட் போடும் எண்ணம் வந்தது. பாட்டு எல்லாம் அவருடையது. வாத்தியம் இரண்டே இரண்டு. ஒன்று அவர் கிட்டார். இன்னொன்று கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே இருந்த ஒரு சின்ன ஊரிலிருந்து சடையன் கொண்டுவரும் மேளம். சடையன் அதிகம் பேசமாட்டார். மேளம் அடிக்க ஆரம்பித்தால் மலையில் மழை இறங்குகிற மாதிரி இருக்கும். அந்த அடிக்கு மேலே இவர் கிட்டார் போகும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதைச் சொல்லாமல் அவரை வெறுமனே திட்டிக்கொண்டிருந்தால் அது நியாயமில்லை.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் ஊரின் முனையில், பஸ் நிற்கும் இடத்தில் வாடகை வீடு. அண்ணி ஜாக்கெட் தைப்பார். துணி கொடுக்கப் போய்த்தான் எனக்கு அந்த வீடு பழக்கம். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அண்ணிதான் சொன்னார்: “இவரு பாட்டயெல்லாம் நீ எழுதி வெச்சிடு மல்லிகா. இல்லன்னா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ஆயிடும்.”

ஆகவே எழுதினேன். அவர் பாடப் பாட எழுதுவேன். திரும்பப் பாடுங்கள் என்பேன். வேறு மாதிரி பாடுவார். “அண்ணே, முதல்ல வேற பாடினீங்க” என்பேன். “அப்ப வெயில் அடிச்சுது, இப்ப நெழலு வந்திடுச்சி” என்பார். ஒரே பாட்டுக்கு நோட்டில் நான்கு பக்கம் போகும். ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதே விட்டேன். உடனே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எழுதுகிற பெண்ணுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு பாட்டு கட்டினார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அப்படித்தான் எல்லாரையும் வழிக்குக் கொண்டுவருவார்.

பாட்டில் மட்டும்தான் அப்படி என்றால் பரவாயில்லை. பேச்சும் அப்படித்தான். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடு பிடித்த நேரம் அது. டீக்கடையில் ஒரு பக்கம் போராடப் போகிறவர்கள் இருப்பார்கள். “எத்தினி வருசந்தான் கேட்டுக்கினே இருக்கறது?” என்பார்கள். “நியாயந்தாங்க” என்பார். இன்னொரு பக்கம், பஸ் நின்றுபோனால் கடைக்குச் சரக்கு வராது என்று புலம்பும் பாய் இருப்பார். “நியாயந்தான் பாய்” என்பார். ஒரே டம்ளர் டீ தீர்வதற்குள் இரண்டு நியாயம். “உங்களுக்குன்னு ஒரு நியாயம் கெடையாதா?” என்று நான் கேட்டால், “நீ கேக்கறதும் நியாயந்தான்” என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் பாட்டைக் கொடுத்தேன்.

என் அம்மா அஞ்சலை கரும்பு வெட்டப் போகிறவள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போகும் காலமெல்லாம் அவள் தோட்டத்தில்தான் கிடப்பாள். சோகை என்று நாங்கள் சொல்லும் காய்ந்த கரும்புத் தாள் கையில் பட்டால் பிளேடு மாதிரி கீறும். அம்மாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை மெல்லிய கோடுகள் இருக்கும். அந்தக் கையோடுதான் ராத்திரி சோறு பிசைந்து எனக்கு ஊட்டுவாள். உப்புப் பட்டால் எரியும். முகத்தைச் சுளிக்காமல் ஊட்டுவாள். நான் எழுதிய கட்டுரைக்குப் பள்ளியில் பரிசு வாங்கியபோது, அம்மா அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் என்ன எழுதினாலும் அவளுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். கேசட்டில் வந்தால் அப்படி இல்லை. காதிருந்தால் போதும். அதற்காகத்தான் ஒரு பாட்டு எழுதினேன். முதல் சரணம் இப்படி:

சோகை கிழிச்ச கையிலே
சோறு பிசஞ்சு தந்தவ
காலனித் தெரு அஞ்சலை
கரும்புக் காட்டில் நிக்கிறா

கிட்டார்காரர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு கிட்டாரை எடுத்து மெட்டுப் போட்டார். அவர் போட்டதிலேயே அதுதான் நல்ல மெட்டு. “இத அப்பிடியே பாடணும்ணே. ஒரு எழுத்து மாத்தக்கூடாது” என்றேன். “உங்கம்மா மேல சத்தியமா” என்றார். ஊர்க்காரர்களில் எங்கள் தெருவுக்குள் வந்து, எங்கள் வீட்டில் டீ வாங்கிக் குடித்தவர் அவர் ஒருவர்தான். அம்மாவை வாய் நிறைய “யக்கா” என்று கூப்பிடுவார். அதனால் நம்பினேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் வெட்கப்பட்டாள். “போடி, எம்மேல இன்னாடி பாட்டு?” என்று சொல்லிவிட்டு, மறுநாளே தோட்டத்தில் அத்தனை பெண்களிடமும் சொல்லியிருக்கிறாள்.

சேலத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒரே ஒரு நாள் கிடைத்தது. அதை விட்டால் தை மாதம் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் சாலை மறியல் ஆரம்பித்தது. சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. அண்ணிக்குத் தெரிந்த ஒருவர் தன் டெம்போவில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். விடியற்காலையில் கிளம்பினோம். முன்னால் டிரைவரும் கிட்டார்காரரும். பின்னால் அண்ணி, நான், சடையன், சடையன் மடியில் குழந்தை மாதிரி மேளம்.

சின்னசேலம் தாண்டி நான்கைந்து மைல் போயிருப்போம். பெரிய புளிய மரம் ஒன்று சாலையை முழுக்க அடைத்துக் கிடந்தது. முப்பது நாற்பது பேர். சிலர் கையில் அரிவாள். மரம் வெட்ட வந்த அரிவாள்தான். ஆனாலும் அரிவாள்.

“எங்கடா கெளம்பிட்டீங்க? ஊரே ரோட்டுல குந்திக்கினு இருக்குது, உங்களுக்கு டெம்போ கேக்குதா?”

அவர் இறங்கினார். கும்பிட்டார். “பாட்டுக்காரங்க நாங்க. சேலத்துல ரிக்கார்டிங்கு.”

“இன்னா ஆளுங்க நீங்க?”

“எல்லாம் நம்ம ஆளுங்கதாங்க.”

“பின்னாடி யாரு?”

“நம்ம புள்ளைங்கதாங்க.”

என் மடியில் நோட்டு இருந்தது. காலனி என்ற வார்த்தை அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நோட்டைப் பாவாடைக்கு அடியில் தள்ளிக்கொண்டேன். அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்பது வேறு. ஒதுக்கீட்டில்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பங்கு கேட்பவர்களைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நேரத்தில், எந்தத் தெரு என்று கேட்டுவிடுவார்களோ என்று அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

“பாட்டுக்காரன்னா பாடு, பாப்பம்” என்றார் ஒருவர். இவர் கிட்டாரை எடுத்தார். “இங்க இன்னா சாமிங்க?” என்று கேட்டார். அங்காளம்மன் என்றார்கள். சடையனைக் கூப்பிட்டு இறக்கினார். அவர் மீட்டிய முதல் இரண்டு சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பாட்டின் மெட்டு.

அங்காளம்மன் ஊரிலே
அரிவா தூக்கி வந்தவ
சிங்கம் பெத்த தாயவ
ரோட்டு மேல நிக்கிறா

கூட்டம் விசில் அடித்தது. மறுபடி பாடு என்றார்கள். மறுபடி பாடினார். இந்த முறை அவர்களின் தலைவர் பெயரும் வந்தது. பத்துப் பேர் சேர்ந்து மரக்கிளையை இழுத்து டெம்போ போகிற அளவுக்கு வழி விட்டார்கள். ஒருவர் எங்களுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தார். கிட்டார்காரர் அதைக் கடித்துக்கொண்டே வந்து ஏறினார்.

“அது எங்கம்மா பாட்டு” என்றேன்.

“வண்டி போவுது இல்ல?”

“உங்ககிட்ட இன்னும் ஏழு பாட்டு இருக்குது. அதுல ஒண்ண பாடியிருக்கலாம் இல்ல?”

“அந்த மெட்டுதாம்மா கைக்கு வந்துச்சி.”

அண்ணி என் காதருகே குனிந்து, “அங்க காலனின்னு பாடியிருந்தா உன் கதி இன்னாடி?” என்றார். அது உண்மைதான். எங்களைக் காப்பாற்றினார் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. ஆனால் என் அம்மாவை அவள் தெருவிலிருந்து தூக்கி வேறொரு ஊரின் சாலையில் நிறுத்திவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. ஆத்தூர் வருவதற்குள் வழியில் இன்னும் இரண்டு மரம் கிடந்தது. இரண்டு இடத்திலும் அதே மெட்டுதான் கைக்கு வந்தது.

ஸ்டுடியோ என்பது சுவரெல்லாம் சாக்கும் பஞ்சும் அடித்த ஒரு அறை. நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர். மேளச் சத்தம் மைக்கை அமுக்கிவிடும் என்று சடையனை ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார். கிட்டார்காரர் முன்னால் யாரும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. கிட்டார் வாசித்தார். பாட வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தார், மூடினார்.

“இன்னா சார்?”

“ஒண்ணுமில்லிங்க. மறுபடி போடுங்க.”

நான்கு முறை மறுபடி போட்டார்கள். ஐந்தாம் முறை கண்ணாடி வழியாகச் சவுண்டுக்காரர் முகத்தைப் பிடித்துக்கொண்டார். பாட்டு அருவி மாதிரி வந்தது. ஆனால் பாட்டெல்லாம் ஆத்தூர். சவுண்டுக்காரருக்கு அதுதான் சொந்த ஊராம். எப்போது கேட்டு வைத்தாரோ தெரியவில்லை. சவுண்டுக்காரருக்கே கூச்சமாகிவிட்டது.

“சார், கேசட்ட நான் மட்டுமா வாங்கப் போறேன்?”

“இவர நெலக்கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சா, கண்ணாடிக் கடைக்காரனப் பத்திப் பாடுவாரு” என்றார் அண்ணி. தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய், மைக்குக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு இவர் ஏழு பாட்டு பாடினார். அதெல்லாம் காதல், சண்டை, சமாதானம். அண்ணியைப் பார்த்துப் பாடினால் பொருந்தாமல் போகாது. நான் வெளியே உட்கார்ந்து நோட்டை வைத்துக்கொண்டு சரி பார்த்தேன். அங்கங்கே மாறியது. பெரிதாகக் கெட்டுப்போகவில்லை.

எட்டாவது என் பாட்டு. நேரம் முடியப்போகிறது. அறைக்குள் காற்றாடி போடக்கூடாது என்பதால் அண்ணிக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வெளியே வந்தார். “உன் பாட்டுதானே? நீயே போயி குந்து.”

போய் உட்கார்ந்தேன். என் மடியில் நோட்டு விரித்தபடி இருந்தது. “எழுதனத அப்பிடியே” என்று சொன்னேன். தலையாட்டினார். விளக்கு எரிந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் சடையனின் மேளம் தொடங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

பேனா புடிச்ச கையிலே
பெருமை கொண்டு வந்தவ
காலனித் தெரு மல்லிகா
காலேஜி போயி நிக்கிறா

கையைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். ஒரு கை அசைப்பு போதும். நான் அசைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த நாள் முழுக்க மறைத்துவைத்த தெருப் பெயர், சத்தமாக, அழகாக, மேளத்தோடு வருகிறது. அதை ஒட்டி என் பெயர் வருகிறது. அவர் குரல் அப்படி ஒரு குரல். சமையல் மாஸ்டரும் மரம் வெட்டியவர்களும் ஏன் அப்படி மலர்ந்து நின்றார்கள் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது தெரிந்தது. என் முகமும் மலர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் அவர் கடைசி வரை விடவில்லை. மூன்று சரணத்திலும் நான்தான். கரும்பு இல்லை, சோகை இல்லை, அம்மா இல்லை.

முடிந்ததும் சவுண்டுக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைத்தான் கேட்டார். நோட்டு வைத்திருந்தது நான்தானே. “ஏம்மா, நோட்டுல இருக்கறதுதான? ஓகேவா?”

“ஆமா சார். ஓகே” என்றேன்.

கேசட் பொங்கலுக்கு முன்னால் வந்தது. அட்டையில் அவர் படம், கிட்டாரோடு. உள்ளே சின்ன எழுத்தில் பாட்டுப் பட்டியல். எட்டாவது பாட்டுக்குப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. நம் தெருப் பிள்ளையின் பெயர் கேசட்டில் வந்திருக்கிறது என்று எங்கள் தெரு முனை டீக்கடைக்காரர் ஸ்பீக்கர் பெட்டியைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்து அலற விட்டார். அன்று அம்மாவும் அவளோடு வெட்டும் பெண்களும் வேலை முடிந்து அந்த வழியாக வந்துகொண்டிருந்தார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். எல்லாரும் நின்று கேட்டார்கள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது.

“இன்னா அஞ்சல, உம்மேல பாட்டுன்ன? உன் பேர காணமே?” என்றாள் ஒருத்தி.

அம்மா என்னைப் பார்த்தாள். உடனே சிரித்துவிட்டாள். “எம் பொண்ணு மேல பாடனா எம்மேல பாடன மாதிரிதான்டி. இதுல இன்னா இருக்குது?”

அதற்குமேல் அவள் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் வீட்டில் நான் அந்தக் கேசட்டைப் போட்டால், எட்டாவது பாட்டு வரும்போது, “சத்தம் ஜாஸ்தியா இருக்குதுடி, கொஞ்சம் கம்மி பண்ணு” என்பாள். மற்ற ஏழு பாட்டுக்கும் சத்தம் ஜாஸ்தி என்று அவள் சொன்னதில்லை.

அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். என் பங்கை மறைத்துக்கொண்டு, முழுப் பழியையும் அவர் தலையில் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ சொல்றது நியாயந்தாம்மா” என்றார் வழக்கம்போல.

“நியாயம் கெடக்கட்டும். ஏன் மாத்தினீங்க?”

“எதிர்ல நீ குந்தியிருந்த. உன் மூஞ்சியப் பாத்துக்கினு உங்கம்மாவ எப்பிடிப் பாடறது? எனக்குத் தெரியலையே.”

ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் பாடுகிற மனிதருக்கு, எதிரில் இல்லாத ஒருத்தியை மனதில் நினைத்துப் பாட வராதா? அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். ஜாக்கெட்டை வேறு இடத்தில் தைத்தேன். கேசட் ஒரு வருஷம் ஓடியது. திருவிழாக்களில் போட்டார்கள். பிறகு வேறு கேசட்டுகள் வந்தன. அவரும் அண்ணியும் வீட்டைக் காலி செய்துகொண்டு, சடையன் ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியர் வேலை. போன மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பி, உன் அம்மாவைப் பற்றி நான்கு வரி சொல் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “எங்கம்மா உங்கள மாதிரியே நல்ல பொடவ கட்டுவாங்க டீச்சர்” என்று ஆரம்பித்தாள். அவள் அம்மாவை எனக்குத் தெரியும். சித்தாள் வேலைக்குப் போகிறவர். அந்தப் பிள்ளையைத் திட்ட வாய் வரவில்லை. கிட்டார்காரர் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. வராது. அவருக்கு உண்மையாகவே வராது. தெரியாததைச் செய்யச் சொல்லி அவரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவருக்கு வந்த பாட்டையோ, ஓகே என்று சொல்லி நானே வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். பள்ளியில் இரவல் வாங்கிய டேப்ரெக்கார்டர் என் மடியில். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது அம்மா கேட்டாள்: “இப்ப இன்னாத்துக்குடி அங்க?”

சொன்னேன். ஸ்டூல், சிவப்பு விளக்கு, ஓகே, எல்லாம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டிய பிறகு, “அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம்? நீயே பாடிக் காட்டியிருக்கலாம் இல்ல?” என்றாள். எனக்குப் பாட வராது என்பது அவளுக்கும் தெரியும்.

சடையன் ஊருக்கு வெள்ளிமலையிலிருந்து நடக்க வேண்டும். கிட்டார்காரர் தன் வீட்டு வாசலிலேயே இருந்தார். தலை நரைத்திருந்தது. கிட்டாரின் ரப்பர் கட்டு இரண்டாகியிருந்தது. அண்ணி தையல் மிஷினிலிருந்து எழுந்து ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சரம்மா வந்துட்டாங்க!” என்று சொல்லிவிட்டு, உடனே கிட்டாரை இழுத்து, டீச்சர், வாச்சு, குடை என்று என்னென்னவோ ஆரம்பித்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எட்டு வருஷத்தில் ஒரு நூல் மாறவில்லை.

“நிறுத்துங்கண்ணே” என்றேன்.

நிறுத்தினார். வாசலில் கிடந்த கட்டிலில் அம்மாவை அவருக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். அம்மா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “கைய வெளிய வையிம்மா” என்றேன். வைத்தாள். டேப்ரெக்கார்டரைக் கட்டில் காலடியில் வைத்துப் புதுக் கேசட்டைப் போட்டேன். நோட்டைக் கொண்டுவரவில்லை. வரி எதையும் அவருக்குச் சொல்லவும் இல்லை. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, அவர் கண்ணில் நான் படாதபடி வீட்டின் பின்பக்கம் போய், சாமைக் கொல்லை ஓரமாக நின்றுகொண்டேன்.